லிஃப்ட் வராத படங்கள்

உலகத்தில் லிஃப்ட் வராத படங்கள் எவ்வளவு குறைவு என்பது அதைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். காதலர்கள் லிஃப்டில்தான் முதன்முதலில் முட்டிக்கொள்கிறார்கள். பிரிந்தவர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டு ஒன்று சேர்கிறார்கள். வில்லன் லிஃப்டில் இறங்குவதற்குள் கதாநாயகன் படிக்கட்டு வழியாக ஓடி வந்து, மூச்சுக்கூட வாங்காமல் வாசலில் நிற்கிறான். மனதுக்கு ஆறுதலான படம் என்று நான்கு பேர் சத்தியம் செய்த படத்தைப் போட்டால், பாதியில் மணியடித்துக்கொண்டு இரண்டு கதவுகள் விலகும். அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன். அந்தப் படமும் போச்சு.

எல்லாம் என் தம்பிக்காகத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேலைக்கு ஆள் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். அவனுடைய ஜோடிக்கு வேலையிடத்தில் ‘ரீல்’ என்று பெயர். கதை விடுகிறவர் என்பதால் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பியைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் இவனுக்கு ரீலண்ணன். இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, கூண்டின் மேலே நின்றபடியே ரீலண்ணனுக்கு நெஞ்சு நின்றுபோனது. தம்பி அதற்கு நேர் கீழே, லிஃப்டின் அடிக்குழியில் இருந்தான். கம்பி எதுவும் அறுந்துபோகவில்லை, கூண்டு விழவில்லை, யார் மீதும் தவறு இல்லை. மேலே ஒரு மனிதர் இறந்துபோனார், கீழே ஒரு மனிதன் இருந்தான், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை. நீயாக வரும்போது வா என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான். குளிக்கச் சொன்னால் குளிப்பான். ஒன்றே ஒன்றை மட்டும் அவனைச் செய்யவைக்க முடியவில்லை. ரீலண்ணனின் மனைவியைப் போய்ப் பார்ப்பதுதான் அது.

மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சண்டை போடலாம். “போறேன்க்கா” என்பான், போக மாட்டான். இறுதிச் சடங்கன்று கூட்டத்தோடு போய், கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியவன். அந்த அண்ணி அவனுக்கு ஃபோன் செய்துகொண்டே இருந்தார். அது அடிக்கும், அவன் அதைக் கவிழ்த்து வைப்பான். ஒரு நாள் எனக்குப் பொறுக்காமல் நானே எடுத்துப் பேசினேன். குரலில் கோபம் இல்லை, குறையும் இல்லை. தம்பியிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், ஃபோனில் கேட்க முடியாது, ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். இதை நான் அவனிடம் சொன்னேன். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஆக, அவனைத் தேற்றி அந்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் காரியம். அங்கே ஒரு பெண் இவனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு முள்ளாகக் குத்தியது. தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம்.

எங்கள் வீட்டில் துக்கத்துக்கு ஒரே மருந்துதான், படம். இது அம்மா கண்டுபிடித்தது. நிச்சயமான என் கல்யாணம் நின்றுபோனபோது, அம்மா எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் சாயங்காலம் தவறாமல் படம் போட்டாள். திருடப் போன வீட்டிலேயே சமையல்காரனாகச் சேர்ந்துவிடும் ஒரு திருடனின் கதையை அந்த வாரத்தில் இரண்டு முறை பார்த்தோம். இரண்டாவது முறை நான் சிரித்தேன். “ம், பொழச்சுக்குவ” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியிலிருந்து அவள் ஓய்வு பெற்று வந்து, கைக்கு வேலையில்லாமல் பேயறைந்தவள் மாதிரி இருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு அதே மருந்தைக் கொடுத்தோம். படகில் கிளம்பி நடுக்கடலில் வழி தெரியாமல் சுற்றும் ஒரு குடும்பத்தின் படம். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. தனியாக உட்கார்ந்து அழுதால் அழுகை வளர்ந்துகொண்டே போகும், நான்கு பேர் சிரிக்கிற இடத்தில் உட்காரவைத்தால் அதற்கே வெட்கமாகிவிடும் என்பது அவளுடைய வாதம். எனக்கும் அதில் முழு நம்பிக்கை இருந்தது.

ஆனால் தம்பி விஷயத்தில் ஒரு சிக்கல். லிஃப்ட் என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருந்தோம். அவன் கண்ணில் லிஃப்ட் படவே கூடாது. அதனால் எந்தப் படத்தையும் அவனுக்குப் போடுவதற்கு முன்னால் நாங்கள் பார்த்துவிட வேண்டும். மதியம் அவன் தூங்கும்போது அம்மா தன் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை என் முறை. கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளில் பிசகிய தையலைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள் அம்மா, அதனால் ஒன்றும் தப்பாது. “இதுல ஓட்டல் வருது, வேணாம்.” “இதுல ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரின்னா எப்படியும் ஏறுவாங்க.” நான் உயிரையே வைத்திருக்கும் ஒரு காதல் படம், அலுவலகத்தில் நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போனது. எந்தத் தணிக்கைக் குழுவும் எங்கள் அம்மாவிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நகரத்தில் நடக்கும் கதையெல்லாம் கழிந்தபின் என்ன மிஞ்சும்? காடு, கடல், பாலைவனம், பண்ணை. யானை பேசும் படம் பார்த்தோம். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் கிழவரும் ஒரு கடற்பறவையும் நண்பர்களாகும் படம் பார்த்தோம். ஆட்டை வைத்தே மூன்று படம் ஓடிவிட்டது. அவன் ஒரு நாள் மட்டும், “ஏன்க்கா நம்ம வீட்ல எல்லாப் படத்துலயும் ஆடு வருது?” என்று கேட்டான். உடம்புக்கு நல்லது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவன் சிரிக்கிறானா என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு கட்டி, வரிசையாகப் பல் பதிப்பது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, ஒருவர் சிரிக்கும்போது கண் வேறெங்கும் போகாது. மரியாதைக்குச் சிரித்தால் மேல்வரிசையின் முன்பற்கள் மட்டும் தெரியும். நிஜமாகச் சிரித்தால் கடைவாய்வரை தெரிந்துவிடும். தம்பிக்குக் கீழே கடைவாயில் ஒரு பல் இல்லை, கட்டிக்கொள்ளச் சொல்லி நானும் சலித்துவிட்டேன். அந்தச் சந்து தெரிந்தால்தான் அவன் சிரித்தான் என்று நான் ஒப்புக்கொள்வேன். யானைப் படத்தில் தெரியவில்லை. கலங்கரை விளக்கத்திலும் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் முன்பற்கள் மட்டும் வந்து வந்து போயின.

இன்னொன்றும் கவனித்தேன். படத்தில் சிரிப்பு வரப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவன் திரையைப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தான். முதலில் பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுத்து வலியாக இருக்கும் என்று அம்மா தலையணையை மாற்றிப் போட்டாள்.

மாட்டிக்கொண்டது மூன்றாவது ஆட்டுப் படத்தில். மலையில் ஆடு மேய்க்கும் ஒருவன், பேச்சே கிடையாது, அவனுக்கு ஒரு வீம்பு பிடித்த கிடா. அம்மா முக்கால்வாசி பார்த்துவிட்டு, இந்த மலையில் எங்கிருந்து லிஃப்ட் வரப்போகிறது என்று மூடி வைத்துவிட்டாள். கடைசிக் கால்வாசியில் அந்த ஆள் கிடாவோடு பரிசு வாங்க நகரத்துக்குப் போனான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிய ஓட்டல் ஒன்றுக்குள் நுழைந்தான். பளபளவென்று இரண்டு கதவுகள். கிடா அதில் தன் முகத்தையே பார்த்துவிட்டு முட்டத் தயாரானது. கதவு திறந்தது.

ரிமோட் எங்கே என்று நான் மெத்தையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, போர்வை மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து போய், அந்தப் போர்வையை விரித்துப் பிடித்தபடி டிவியின் முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் கிடா கத்தியது, லிஃப்ட் எங்கேயோ நின்று போன சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண்மணி உதவி உதவி என்றாள். அம்மா அசையவில்லை.

“அம்மா, மறைக்குது” என்றான் தம்பி.

கரண்ட் போகப் போகிறது, டிவி சூடாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. யானை, கடற்பறவை, ஆடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் புரிந்ததை நான் பார்த்தேன்.

“லிஃப்ட் வருதுன்னா மறைக்கற?” என்றான்.

அம்மா போர்வைக்கு மேலாகத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் சிரித்தான். கடைவாய்ச் சந்து தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவன் தோள் குலுங்குவது நிற்கவில்லை, சத்தம் மட்டும் மாறியிருந்தது. நான் டிவியை அணைத்தேன்.

“லிஃப்ட் என்னக்கா பண்ணுச்சு?” என்றான். “லிஃப்ட் மேல எனக்கு என்ன பயம்? படந்தான்க்கா என்னால பாக்க முடியல.”

அப்புறம் அவனாகவே சொன்னான். அவன் தியேட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அதற்கு அவசியமே இருந்ததில்லை. ரீலண்ணன் பார்த்த படத்தையெல்லாம் வேலை நேரத்தில் இவனுக்குச் சொல்லுவார். அவருக்குப் பிடித்தது சிரிப்புப் படம் மட்டும்தான். அவர் மேலே கூண்டில், இவன் கீழே குழியில். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அந்தக் குழாய் மாதிரியான இடத்தில் குரல் கணீரென்று இறங்கும். படத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார், சொன்னால் நீயே போய்ப் பார்த்துவிடுவாய் என்பார். நாங்கள் தேடித் தேடிப் போட்ட படங்களில் பாதி இவன் ஏற்கெனவே குழியில் உட்கார்ந்து கேட்டவை. அவர் சொன்னதுதான் இன்னும் நன்றாக இருக்கும் என்றான்.

அன்றைக்கும் அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் தன் பெட்டிக்குப் பதிலாக வேறொருவன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்ட ஒருவனின் கதை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மாப்பிள்ளைக் கோட்டு. மறுநாள் கல்யாணம். கோட்டுப் பையில் இருந்த ஒரு சீட்டில் முகவரி பாதி அழிந்திருக்கிறது. இவன் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்புகிறான். தெரு தெருவாக அலைந்து, தப்பான வீடுகளின் கதவையெல்லாம் தட்டி அடி வாங்கி, கடைசியில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறான்.

“‘கதவ ஒரு பொண்ணு தொறக்கறா. அவனப் பாக்கறா, கோட்டப் பாக்கறா. பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னா பாரு’ன்னாரு. சொல்லிட்டு நிறுத்திட்டாரு. எப்பவும் அப்படித்தான்க்கா நிறுத்துவாரு. நான் ‘அப்புறம்?’னு கேக்கணும். கேட்டா டீ வாங்கித் தருவியாம்பாரு, சிகரெட்ட விடச் சொல்ல மாட்டியேம்பாரு, ஒரே இழுப்புதான். அன்னிக்கு நான் கேக்கக் கூடாதுன்னு வீம்பா இருந்தேன். எவ்ளோ நேரம் தாங்கறாருன்னு பாக்கலாம்னு. மேல சத்தமே இல்ல. நான் கீழ உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தேன்க்கா.”

அம்மா போர்வையை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். உடனே மேலே ஏறியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். அது டாக்டருக்குச் சரி என்றான் அவன். அண்ணி கேட்கப்போவது அதைத்தான். அவர் சத்தம் நின்ற பிறகு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கப்போகிறார். அந்தக் கேள்விக்குத்தான் அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். சிரிப்புப் படத்தில் எல்லாம் ஒரு நொடி அமைதி வரும், அதற்கப்புறம்தான் சிரிப்பு வரும். அந்த அமைதி வரும்போதெல்லாம் அவன் தலை தானாக மேலே போனது அதனால்தான்.

நாங்கள் இரண்டு பேரும் படத்திலிருந்து லிஃப்டைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவனை அறுத்துக்கொண்டிருந்த சிரிப்புப் படத்தையே கையில் கொடுத்திருக்கிறோம். இவ்வளவு அக்கறையாக ஒருத்தனை வதைக்க எங்கள் வீட்டால்தான் முடியும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும். நாளைக்குச் சாயங்காலம் நானும் உன்னோடு வருகிறேன், நீ பேச வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். அவன் வழக்கம்போல “போலாம்க்கா” என்றான். ஆனால் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை.

மறுநாள் லேபில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, செருப்பு மாட்டி வாசலில் நின்றிருந்தான். அம்மா அவன் காலரைச் சரி செய்தாள், ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பேருந்தில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கும்போது சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட ஆரம்பித்தான். நான் என் கைப்பையை அவன் மடியில் வைத்து, பிடித்துக்கொள் என்றேன். பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் நல்லதுதான்.

அந்த அண்ணிக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. அப்போதுதான் வந்திருப்பார் போல, முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும், “வாங்க” என்றார். சின்ன வீடு. ஜன்னலில் ஆண்கள் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அது ஏன் இன்னும் துவைக்கப்படுகிறது என்று நான் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தார். தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை. நான் நானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். பேருந்தில் கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த நேரத்துல இதப் போய்க் கேக்கறாளேன்னு தோணும்.”

தம்பி தலையை ஆட்டினான். நான் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அந்தப் பெட்டி மாறிப்போன ஆளு” என்றார். “அவன் கோட்டக் கொண்டுபோய்க் குடுத்தானா, இல்லையா?”

என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

அவர் சொன்னார். சாப்பிடும்போது ரீலண்ணன் அவருக்கும் கதை சொல்லுவாராம். அதற்கு முந்தைய சாயங்காலம் இந்தக் கதையைத் தொடங்கியிருக்கிறார். மனிதன் கோட்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறியதுவரை வந்து, மீதி நாளைக்கு என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். மீதியை முதலில் தம்பியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன், அவன் லேசில் சிரிக்க மாட்டான், அவன் சிரித்தால்தான் எனக்கு நம்பிக்கை என்றாராம். அண்ணி அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லை, அவர் சொல்வது எந்தப் படத்திலும் அப்படியே இருக்காது என்றார். வேலை செய்யும்போதும் ரொட்டி அடுக்கும்போதும் அந்த ஆள் கோட்டோடு பேருந்திலேயே உட்கார்ந்திருக்கிறான், இறங்கவே மாட்டேன் என்கிறான் என்றார். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், அது சரியாக வரவில்லை.

“முழுசா எனக்கும் தெரியாது அண்ணி” என்றான் தம்பி. “கொஞ்சம் மேல தெரியும்.”

“அதச் சொல்லுங்க.”

அவன் சொன்னான். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிச் சொன்னான். அந்த ஆள் பேருந்தை விட்டு இறங்கினான். தையல் கடைக்காரர் ஒருவர் அவனைத் திருடன் என்று துரத்தினார். ஒரு வீட்டில் இவனையே மாப்பிள்ளை என்று நினைத்துத் தலையில் எண்ணெய் தேய்க்க உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே அந்த அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தம்பி நிமிர்ந்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை வீசிப் பேச ஆரம்பித்தான். இவனுக்கு இப்படிக் கதை சொல்லவரும் என்று கூடப்பிறந்த எனக்கே தெரியாது. எண்ணெய் சொட்டச் சொட்ட அந்த ஆள் ஜன்னல் வழியே குதித்து ஓடி, கடைசி வீட்டு வாசலில் போய் நின்று, கதவைத் தட்டினான். கதவை ஒரு பெண் திறந்தாள். அவனைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

“பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னா பாருன்னாரு” என்றான் தம்பி. “அதோட சரி அண்ணி.”

அவர் கீழே இருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போது அவர், அது வந்தே தீர வேண்டிய கேள்வி போல, நிதானமாகக் கேட்டார்.

“அப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

என் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. அப்புறம் என்று கேட்கக் கூடாது என்று வீம்பாக இருந்ததைச் சொன்னான். அவர் இழுத்தடிக்கிறார் என்று நினைத்ததைச் சொன்னான். மேலே சத்தமில்லாமல் இருந்தபோது தான் கீழே சிரித்துக்கொண்டிருந்ததையும் சொன்னான். எவ்வளவு நேரம் என்று தெரியாது என்றான். சொல்லி முடித்துவிட்டு, அடி வாங்கத் தயாராக இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“சத்தமாவா சிரிச்சீங்க?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணி. அந்த எண்ணெய் தேய்ச்ச எடத்துல இருந்தே அடக்க முடியல.”

“கீழ இருந்து சிரிச்சா மேல கேக்குமா?”

“அந்தக் குழியில தும்முனாக்கூட மேல கேக்கும்.”

அவர் முழங்கையில் இருந்த மாவை மெல்லத் தட்டிவிட்டார். தட்டிய பிறகும் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

“அப்போ கேட்டிருக்கும்” என்றார். “அவரு கடைசியா கேட்டது நீங்க சிரிச்சதுதான்.”